சென்னைக் காருக்கு ஹீட்டர் எதற்கு?



சென்னையில் ஓடும் காருக்கு ஹீட்டர் வேண்டும் என்று ஒருவர் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் பல ஆண்டுகள் சிரித்தவன்தான். மே மாதத்தில் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. நூறு ஆண்டுகளுக்கும் மேலான பதிவேடுகளைப் புரட்டினாலும் 13 டிகிரிக்குக் கீழே இறங்கிய நாள் ஒன்றுகூட இல்லை. இந்த ஊரில் காருக்குள் வெந்நீரை ஓடவிட்டுக் காற்றைச் சூடாக்குவது, வெயிலில் நிற்பவனுக்குக் கம்பளி போர்த்துவது போலத்தானே?

இன்று என் கருத்து வேறு. பழைய கார் வைத்திருப்பவர்கள் ஹீட்டரைக் கழற்றிப் போடக் கூடாது. பழுதாகியிருந்தால் சரிசெய்து வைத்துக்கொள்ள வேண்டும். ஊட்டியில் இருப்பவர்கள் மட்டுமல்ல, தியாகராய நகரில் இருப்பவர்களும்தான். நீங்கள் இதை ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். ஆனால் கீழே வரும் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு மறுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாத இரவு. பாண்டி பஜாரில் துணி வாங்கிக்கொண்டு என் பெரியப்பாவின் பழைய காரில் ஐந்து பேர் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. பனகல் பூங்காவைச் சுற்றி வெங்கடநாராயணா சாலையில் திரும்பியபோது முன் கண்ணாடி முழுவதும் வெள்ளையாகிவிட்டது. வைப்பர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெரியப்பா இடது கையால் மஞ்சள் துணியை எடுத்து உள்பக்கம் துடைத்தார். துடைத்த இடம் நான்கு விநாடி தெளிவாக இருந்தது, பிறகு மறுபடியும் வெள்ளை. எதிரே வந்த பேருந்தின் விளக்கு கண்ணாடி முழுவதும் பரவி ஒரே ஒளிப்படலமாயிற்று. அந்த ஒளிக்குள் ஒரு கறுப்புக் குடை இருந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. குடைக்குக் கீழே ஒரு பெரியவர். பிரேக் பிடித்தது. அவர் குடையை மடக்கிக்கொண்டு எங்களைத் திட்டிவிட்டுப் போனார். திட்டியது முழுவதும் நியாயம்.

அந்தக் காரில் ஹீட்டர் இருந்தது. கண்ணாடிக்குச் சூடான காற்றை அனுப்பும் டிஃப்ராஸ்டர் வழியும் இருந்தது. இரண்டும் வேலை செய்யவில்லை. அதைச் சொல்வதற்கு முன், கண்ணாடி ஏன் மறைந்தது என்று பார்ப்போம்.

காற்று நீராவியை ஓர் அளவுக்குத்தான் தாங்கும். அந்த அளவு வெப்பநிலையைப் பொறுத்தது. ஒரு கன மீட்டர் காற்று 25 டிகிரியில் சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் 30 கிராம். 40 டிகிரியில் 51 கிராம். அந்த அளவை எட்டிய காற்றைத்தான் தெவிட்டிய காற்று என்று உங்கள் பாடநூல் சொல்கிறது. எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்று தெவிட்டிப்போகுமோ அது பனிநிலை. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பின் மேலும் நீர் படியும்.

மழை பெய்யும் நவம்பர் இரவில் சென்னையில் வெளிக்காற்று 25 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏற்கனவே ஒரு கன மீட்டருக்கு 22 கிராம் நீராவி இருக்கும். ஆக மிச்ச இடம் ஒரே ஒரு கிராம். காரின் உள்ளே சுமார் 3 கன மீட்டர் காற்று. மழை நனைக்கும் கண்ணாடியும் ஏறத்தாழ 25 டிகிரியில்தான் இருக்கும். எனவே கண்ணாடியில் நீர் படியாமல் அந்தக் காற்று இன்னும் ஏற்கக்கூடிய நீராவி 3 கிராம் மட்டுமே.

இனி உள்ளே இருப்பவர்களைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் ஒரு மணி நேரத்தில் 50 கிராம் அளவுக்கு நீராவியை வெளிவிடுகிறார். ஐந்து பேருக்கு 250 கிராம். நிமிடத்துக்கு நான்கு கிராமுக்கு மேல்! காரின் காற்றில் மிச்சமிருந்த இடம் ஒரு நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். கார் முழுக்க அடைத்த பெட்டி அல்ல என்பதால் நடைமுறையில் சற்றுக் கூடுதல் நேரம் ஆகலாம். ஆனால் நனைந்த குடையையும், ஈரப் புடவைத் தலைப்பையும், காலடி மேட்டில் தேங்கிய தண்ணீரையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. எங்கள் கண்ணாடி பாண்டி பஜாரிலிருந்து பனகல் பூங்கா வரை தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

தியாகராய நகர் இருக்கும் இடமே ஒரு காலத்தில் ஏரி. 1920களில் நீண்ட ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்துத்தான் இந்த நகரை அமைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரைச் சாலை இன்னும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது, ஏரியைத்தான் காணோம். 2015 நவம்பரில் சென்னையில் ஒரே மாதத்தில் 1000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2021 நவம்பரிலும் தியாகராய நகரின் தெருக்களில் தண்ணீர் நின்றது. குளிர் நாட்டுக்காரருக்குக் கண்ணாடி மறைவது உறைபனியால். நமக்கு அது இந்த ஈரத்தால். காரணம் வேறானாலும் கண் தெரியாமல் போவது ஒன்றுதான்.

பனிநிலையை நீங்களே அளந்து பார்க்கலாம். ஓர் எவர்சில்வர் டம்ளரில் பாதியளவு சாதாரணத் தண்ணீர் எடுங்கள். பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு வெப்பமானியைக் கேட்டு வாங்கி அதில் வையுங்கள். பனிக்கட்டியைச் சிறு சிறு துண்டாகப் போட்டு ஒரு குச்சியால் கலக்குங்கள். வெப்பமானியால் கலக்காதீர்கள், உடைந்துவிடும். டம்ளரின் வெளிப்புறம் முதன்முதலில் மங்கும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பனிக்கட்டி போடுவதை நிறுத்தி, மங்கல் மறையும் வெப்பநிலையையும் குறியுங்கள். இரண்டின் சராசரி பனிநிலை. சென்னையில் மழை நாளில் அது காற்றின் வெப்பநிலைக்கு வெகு அருகில் வரும். மலை ஊரில் இருப்பவர்களும், உள்நாட்டில் வறண்ட ஊரில் இருப்பவர்களும் செய்து பார்த்தால் வேறு எண் கிடைக்கும்.

சரி, ஹீட்டர் இதில் என்ன செய்கிறது? வெளியிலிருந்து அதே 22 கிராம் காற்றை எடுத்து 40 டிகிரிக்குச் சூடாக்கிக் கண்ணாடியின் அடிப்பக்கம் ஊதுகிறது. ஒரு துளி நீரைக்கூட அது காற்றிலிருந்து நீக்கவில்லை. ஆனால் தாங்கும் அளவு 51 கிராமாக உயர்ந்துவிட்டது. 96 சதவீதமாக இருந்த ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடுகிறது. தாகம் கொண்ட அந்தக் காற்று கண்ணாடியில் படிந்த நீரை உறிஞ்சிக்கொள்கிறது, கண்ணாடியையும் பனிநிலைக்கு மேலே சூடாக்கிவிடுகிறது. காருக்குள் ஏற்கனவே இருக்கும் ஈரக் காற்றையே சுற்றவிட்டால் இந்த வேலை நடக்காது. வெளிக்காற்று வரும் வழி திறந்திருக்க வேண்டும்.

இந்தச் சூட்டுக்குத் தனியாகச் செலவும் இல்லை. மழையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் பழைய கார், மணிக்கு 3 லிட்டர் பெட்ரோலை எரிக்கிறது. அதில் வெளிப்படும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் சக்கரத்தை ஓட்டப் பயன்படும். இன்னொரு பெரும் பங்கு, சுமார் 8 கிலோவாட், எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் சேர்ந்து ரேடியேட்டர் வழியாக வீணாகத் தெருவில் போகிறது. 1000 வாட் இஸ்திரிப் பெட்டி எட்டுக்குச் சமம். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர் வழியாக அந்த வெந்நீரில் ஒரு பங்கைத் திருப்பிவிட்டு, சிறு மின்விசிறியால் காற்றை ஊதினால் அதுதான் ஹீட்டர்.

நம் சாலைகளில் ஓடிய பழைய கார்கள் பெரும்பாலும் குளிர் நாட்டில் வரைந்தவை. 2014 வரை உற்பத்தியான அம்பாசடரின் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. பத்மினி இத்தாலியின் ஃபியட் 1100. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இங்கிலாந்தின் டிரையம்ப்தான். அங்கேயே அந்நாளில் சில கார்களில் ஹீட்டர் தனி விலை கொடுத்து வாங்க வேண்டிய சாமானாக இருந்தது. இங்கு வந்தபோது பலர் அதைப் பொருத்தவே இல்லை. பொருத்தி வந்த கார்களிலும் முதல் பழுதோடு அதன் கதை முடிந்தது.

பெரியப்பாவின் காரில் நடந்ததும் அதுதான். அதை வெகுகாலம் முன்பு பார்த்த ஒரு மெக்கானிக், "நம்ம ஊருக்கு இதெல்லாம் எதுக்கு சார்?" என்று சொல்லி ஹீட்டருக்குப் போகும் குழாயையும் அங்கிருந்து திரும்பும் குழாயையும் ஒரு வளைந்த இரும்புத் துண்டால் நேராக இணைத்துவிட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. ஹீட்டர் ஒழுகிக் காலடி மேட்டை நனைத்துக்கொண்டிருந்தது, ஒழுகல் நின்றது. பெரியப்பாவும் மகிழ்ச்சியாகவே காசு கொடுத்தார். அந்தக் குடைப் பெரியவருக்குப் பிறகுதான் அதைச் சரிசெய்வது என்று இறங்கினோம்.

இந்த வேலையில் நான் கற்றது ஒன்று உண்டு. அதற்காகவே இதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் குட்டி ரேடியேட்டரைக் கழற்றினோம். உள்ளே துருச் சேறு. எத்தனையோ ஆண்டுகள் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டியதன் பலன். ரேடியேட்டர் வேலை செய்யும் கடையில் அதைக் கழுவி, சைக்கிள் டியூபில் ஓட்டை பார்ப்பது போலவே காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார்கள். ஒரு மூலையில் குமிழி வந்தது. அந்த இடத்தைப் பற்றவைத்தார்கள். வளைந்த இரும்புக் குழாயை எடுத்துவிட்டுப் பழையபடி பொருத்தினோம். எஞ்சினை ஓடவிட்டு விசிறியைப் போட்டால் வந்தது வெறும் காற்று! சூடே இல்லை.

"பார்த்தாயா, அவர் சொன்னது சரிதான்" என்றார் பெரியப்பா. அந்த இடத்தில் விட்டிருந்தால் சென்னையில் ஹீட்டர் பயனற்றது என்று எங்கள் வீட்டில் ஒரு முடிவே ஏற்பட்டிருக்கும்.

எஞ்சினைக் கிளப்பியவுடன் மேலே உள்ள ரேடியேட்டர் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். (எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளப்பி, விசிறியையும் பெல்ட்டையும் விட்டு விலகி நின்று, பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டுமே இப்படிச் செய்யலாம்.) தெர்மோஸ்டாட் சரியாக இருந்தால் அந்தக் குழாய் சில நிமிடங்கள் குளிர்ந்தே இருக்கும், பிறகு சட்டென்று சுடும். இங்கே அது தொடக்கத்திலிருந்தே மெதுமெதுவாகச் சூடேறியது. திறந்து பார்த்தால் தெர்மோஸ்டாட்டே இல்லை! அதையும் "நம்ம ஊருக்கு" வேண்டாம் என்று யாரோ எடுத்திருக்கிறார்கள். தெர்மோஸ்டாட் என்பது மெழுகு உருகி விரிவதால் திறக்கும் ஒரு கதவு. தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாது. அது இல்லாவிட்டால் மழை நாளில் தண்ணீர் சூடேறவே வெகுநேரம் ஆகும். எஞ்சின் குளிர்ந்தே ஓடிப் பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும். புதிய தெர்மோஸ்டாட் வாங்கிவந்து, சமையலுக்கு உதவாத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீரோடு போட்டுக் கொதிக்கவைத்தோம். 82 டிகிரியில் கதவு மெல்லத் திறந்ததை வீட்டிலிருந்த குழந்தைகள் எல்லோரும் சூழ நின்று பார்த்தார்கள். என் கணிப்பில், பத்தாம் வகுப்பு வெப்பவியல் பாடத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

தெர்மோஸ்டாட்டைப் போட்டும் குட்டி ரேடியேட்டரின் ஒரு குழாய் சுட்டது, மற்றொன்று சில்லென்று இருந்தது. வெந்நீர் அதன் வழியாக ஓடவில்லை என்று அர்த்தம். உள்ளே காற்று அடைத்துக்கொண்டிருந்தது. எஞ்சின் ஆறியபின் காரின் முன்பக்கம் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றினோம். இப்போது காலடியில் சூடான காற்று வந்தது, கண்ணாடிக்கு வரவில்லை! டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துப் பார்த்தபோது, கண்ணாடிக்குக் காற்றைக் கொண்டுபோகும் பெரிய குழாய் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. காற்று நுழையும் வாயில் தூங்குமூஞ்சி மரத்தின் சருகு ஒரு கைப்பிடி.

ஆக, ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து பழுதுகள். தொடரிணைப்பில் ஐந்து சுவிட்சுகள் இருக்கும் மின்சுற்றை நினைத்துப் பாருங்கள். நான்கை மூடினாலும் விளக்கு எரியாது. நான்காவதை மூடியவர், "நான் செய்ததால் ஒரு பயனும் இல்லை" என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். அவர் செய்தது சரி. முடிவுதான் தவறு. பழைய கார்களில் ஹீட்டர் உதவாது என்ற பேச்சில் பாதிக்கு மேல் இப்படிப் பிறந்ததுதான் என்பது என் சந்தேகம்.

மறுப்புகளையும் பார்ப்போம். அம்பாசடர், பத்மினி போன்ற கார்களில் முன் கதவில் முக்கோணக் கண்ணாடி உண்டே, அதைத் திறந்தால் போதாதா என்று கேட்கலாம். ஓரளவு போதும். ஆனால் உள்ளே வரும் காற்றின் பனிநிலை 24 டிகிரி, கண்ணாடி 25 டிகிரி. இடைவெளி ஒரே டிகிரி. கொஞ்சம் மழையும் உள்ளே வந்து மேட்டை நனைக்கும். சிலர் உள்பக்கம் சோப்பைத் தேய்த்து உலர்ந்த துணியால் துடைத்துவிடுவார்கள். அது நல்ல யுக்தி. சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. நீர் ஆயிரமாயிரம் துளிகளாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவும். துளிகள் ஒளியைச் சிதறடிக்கும், படலம் அவ்வளவாகச் சிதறடிக்காது. ஆயினும் அன்றிரவு எங்கள் காரில் யாரும் சோப்பு கொண்டுபோகவில்லை.

புதிய கார்களில் குளிர்சாதனம் இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. அது காற்றைக் குளிரவைத்து நீரைப் பிழிந்து எடுத்துவிடுகிறது. ஹீட்டரைவிடச் சிறந்த முறை, ஐயமில்லை. 1902இல் வில்லிஸ் கேரியர் தம் முதல் குளிர்சாதன அமைப்பை வடிவமைத்ததே நியூயார்க்கில் ஓர் அச்சகத்தின் ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான். ஆனால் அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. சென்னையில் குளிர்சாதனத்தை அளவுக்கு மீறி வைத்தால் கண்ணாடியே பனிநிலைக்குக் கீழே போய்விடும். அப்போது நீர் வெளிப்பக்கம் படியும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் போகாது. விரலால் உள்பக்கம் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு விழுந்தால் ஈரம் உள்ளே, விழாவிட்டால் வெளியே. வெளியே என்றால் வைப்பரைப் போட்டுவிட்டுக் குளிரைக் குறைக்கச் சொல்லுங்கள். எப்படியானாலும் 1960ஆம் ஆண்டு காருக்கு இந்த வசதி இல்லை.

ஹீட்டர் ஒழுகினால் ஆபத்து என்பதுதான் உண்மையான மறுப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன். கொதிநீர் ஓட்டுநரின் காலில் கொட்டலாம். ஆகவே ஒழுகும் ஹீட்டரைச் சரிசெய்யும்வரை இணைப்பைத் துண்டித்து வைப்பது சரியே. அதையே நிரந்தரமாக்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஒழுகுவதை மூக்கும் கண்ணும் சொல்லிவிடும். காருக்குள் இனிப்பான ஒரு வாசனை, துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் பசை போன்ற மங்கல், பக்கத்து இருக்கையின் காலடியில் ஈரம். இந்த மூன்றும் சேர்ந்தால் ஹீட்டரின் குட்டி ரேடியேட்டர் ஒழுகுகிறது. அந்த வாசனை கூலன்ட்டில் கலந்திருக்கும் எத்திலீன் கிளைக்காலுடையது. அது நஞ்சு. இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும். கீழே சிந்தவிடாதீர்கள். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

மேட்டில் ஈரம் இருந்து வாசனை இல்லாவிட்டால், முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கைப் பாருங்கள். மழைத்தண்ணீர் அந்த வழியாக இறங்கியிருக்கும். அந்த ஈரம் மறுநாள் ஆவியாகிக் கண்ணாடிக்கே வந்துசேரும்.

மே மாதத்திலும் ஹீட்டருக்கு ஒரு வேலை உண்டு என்றால் நம்புவீர்களா? உஸ்மான் சாலை நெரிசலில் பழைய கார் நின்று நின்று போகும்போது வெப்பமானியின் முள் சிவப்பை நோக்கி ஏறும். அப்போது கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுவதும் திறந்தால், எஞ்சினுக்கு இரண்டாவது ரேடியேட்டர் ஒன்று கிடைத்தது போல. நமக்கு வேர்த்துக் கொட்டும், எஞ்சின் சற்றுப் பிழைக்கும். ஓரமாக நிறுத்த இடம் கிடைக்கும்வரை உதவும் முதலுதவிதான் அது. தண்ணீர் குறைந்திருந்தால் அதுவும் உதவாது.

2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் மாறாத வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகத் தனியே பதிவு செய்துகொள்ளலாம். அவற்றின் எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இருக்கும். அப்படிப்பட்ட காரைப் பேணுகிறவர்கள் வெளியே வண்ணத்தையும் நிக்கல் பூச்சையும் பளபளப்பாக வைத்திருக்கிறார்கள். கண்காட்சியில் பார்த்தால் எட்டிப் பார்த்து, "ஐயா, டிஃப்ராஸ்டர் வேலை செய்கிறதா?" என்று கேளுங்கள். பலர் விழிப்பார்கள்.

உங்கள் உறவினர் யாரிடமாவது பழைய கார் இருந்தால், அக்டோபர் பிறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு சேர்ந்து எஞ்சின் மூடியைத் திறந்து பாருங்கள். எஞ்சினிலிருந்து டாஷ்போர்டுப் பக்கம் இரண்டு ரப்பர் குழாய்கள் போக வேண்டும். அவை உள்ளே போகாமல் ஒன்றோடொன்று முடிந்திருந்தால், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது.